மகள் வார்டோவில், மகன் புரோக்கன் ஹில்லில்: கொழும்பிலிருந்து எப்போது பேசுவது?

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய மகள் குடும்பத்தோடு நோர்வேயின் வடகிழக்கு முனையில் வார்டோ என்ற தீவு ஊரில் இருக்கிறார். மருமகனுக்கு அங்கே மீன் ஆலையில் வேலை. மகன் அவுஸ்திரேலியாவின் உட்பகுதியில், புரோக்கன் ஹில் என்ற சுரங்க ஊரின் வைத்தியசாலையில் பணியாற்றுகிறார். “எப்போது எடுத்தாலும் ஒருவர் தூக்கத்தில், மற்றவர் வேலையில். கைபேசியில் சிட்னி நேரம் பார்த்து மகனை எடுத்தால் அரை மணி நேரம் பிசகுகிறது. மகளோ டிசம்பரில் பகல் ஒரு மணிக்கே இருட்டிவிட்டது என்கிறாள். எந்த நேரத்தில் பேசுவது, அங்கே இவர்களுக்கு நாள் எப்படித்தான் கழிகிறது?”

அம்மா, கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் துறைமுகங்களின் நேரங்களைக் கணக்குப் பார்ப்பதே என் வேலையாக இருந்தது. அதனால் முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் கணக்கோடு நின்றுவிடாதீர்கள். ஓர் ஊர்க் கடிகாரம் எந்த ஊர்ச் சூரியனைப் பார்த்து ஓடுகிறது, அந்த ஊர்த் தொழில் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விடுகிறது என்ற இரண்டும் தெரிந்தால்தான் பிள்ளைகளின் குரலில் இருக்கும் களைப்பும் உற்சாகமும் உங்களுக்குப் புரியும்.

நம்முடைய நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். ஆண்டு முழுவதும் மாறாது. பிள்ளைகள் இருவருடைய கடிகாரங்களும் ஆண்டுக்கு இரண்டு முறை மாறும். ஏப்ரல் முதல் ஞாயிறிலிருந்து ஒக்டோபர் முதல் ஞாயிறு வரை மகன் நமக்கு நான்கு மணி நேரம் முன்னால், மகள் மூன்றரை மணி நேரம் பின்னால். ஒக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை மகன் ஐந்து மணி நேரம் முன்னால், மகள் நாலரை மணி நேரம் பின்னால். நான்கு - மூன்றரை, ஐந்து - நாலரை என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பூமியின் இரு கோடிகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ நடு நேரத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். அது எவ்வளவு பெரிய வசதி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

குழப்பம் வருவது இடைப்பட்ட வாரங்களில். நோர்வேயும் அவுஸ்திரேலியாவும் ஒரே நாளில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஒன்று முன்னே தள்ளும் காலத்தில் மற்றது பின்னே இழுக்கும். ஒக்டோபர் முதல் ஞாயிறுக்கும் கடைசி ஞாயிறுக்கும் இடையில் மகன் ஐந்து மணி நேரம் முன்னால் போயிருப்பார், மகள் இன்னும் மூன்றரையிலேயே இருப்பார். மார்ச் கடைசி ஞாயிறுக்குப் பிறகு வரும் ஒரே ஒரு வாரத்திலும் இதே கதைதான். ‘போன வாரம் சரியாக இருந்ததே’ என்று நீங்கள் திகைத்த நாட்கள் பெரும்பாலும் இந்த வாரங்களில் வந்திருக்கும்.

அடுத்தது அந்த அரை மணி நேரம். புரோக்கன் ஹில் இருப்பது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில்தான். அந்த மாநிலத்தின் தலைநகர் சிட்னிதான். ஆனால் அந்த ஊர் சிட்னி நேரத்தைப் பின்பற்றுவதில்லை. அண்டை மாநிலமான தென் அவுஸ்திரேலியாவின் தலைநகர் அடிலெய்டின் நேரத்தையே வைத்திருக்கிறது. ஆகவே கைபேசியில் சிட்னியை எடுத்துவிட்டு, பட்டியலில் புரோக்கன் ஹில் இருந்தால் அதையும் இல்லையென்றால் அடிலெய்டையும் போடுங்கள். வார்டோவுக்கு ஒஸ்லோவைப் போட்டால் போதும்.

ஏன் இப்படி? புரோக்கன் ஹில்லில் 1883இல் வெள்ளியும் ஈயமும் நாகமும் அடர்ந்த கனிமத் தொடர் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று உலகமெங்கும் பெயர் கேட்கும் பிஎச்பி நிறுவனம் 1885இல் பிறந்தது இந்த ஊரில்தான். அந்த முதல் மூன்றெழுத்துச் சுருக்கமே ‘புரோக்கன் ஹில் புரொப்ரைட்டரி’ என்ற பெயரிலிருந்து வந்தது. தோண்டிய கனிமத்தைச் சிட்னிக்குக் கொண்டுபோக வழியில்லை. இடையில் 1,100 கிலோமீற்றருக்கு மேல் வரண்ட நிலம். அடிலெய்டோ 500 கிலோமீற்றர் அளவில்தான். 1888இல் தென் அவுஸ்திரேலியப் பக்கமாக ரயில் பாதை வந்துவிட்டது. கனிமம் போர்ட் பிரி துறைமுகத்துக்குப் போனது. சிட்னியோடு முழு ரயில் தொடர்பு கிடைத்தது 1927இல்தான். 1890களில் அவுஸ்திரேலியாவில் நேர வலயங்கள் வந்தபோது, எந்த ஊரிலிருந்து ரயில் வருகிறதோ அந்த ஊர் நேரத்தையே சுரங்க மக்கள் எடுத்துக்கொண்டார்கள். 1899 மே மாதத்தில் தென் அவுஸ்திரேலியா கிரீன்விச்சுக்கு ஒன்பதரை மணி நேரம் முன்னால் என்று நிர்ணயித்தது. புரோக்கன் ஹில்லும் கூடவே போயிற்று.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. ஒன்பதரை மணி என்பது 142.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டின் நேரம். அந்தக் கோடு அடிலெய்டுக்கு அருகில் கூடப் போவதில்லை. புரோக்கன் ஹில்லுக்குச் சற்றுக் கிழக்கேதான் போகிறது. அதாவது அடிலெய்டு வைத்துக்கொண்டிருப்பது உண்மையில் புரோக்கன் ஹில்லின் சூரிய நேரம். இரவல் வாங்கிய நேரம் வாங்கியவருக்கே அளவாகப் பொருந்திவிட்டது. கடிகாரம் முன்னே தள்ளப்படாத மாதங்களில் அங்கே சூரியன் உச்சிக்கு வருவது நண்பகல் பன்னிரண்டை ஒட்டித்தான்.

மகளின் ஊர் இதற்கு நேர் எதிர். வார்டோ 31 பாகை கிழக்கில் இருக்கிறது. இஸ்தான்புல்லையும் சென் பீற்றர்ஸ்பேர்க்கையும் விடக் கிழக்கே. ஆனால் 1895 ஜனவரி முதல் தேதியிலிருந்து நோர்வே முழுவதற்கும் ஒரே நேரம்; அது 15 பாகைக் கோட்டின் நேரம். அதனால் குளிர்காலத்தில் வார்டோவின் கடிகாரம் அந்த ஊர்ச் சூரியனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பின்தங்கிவிடுகிறது. சூரிய உச்சி பதினொரு மணிக்கு முன்பே கடந்துவிடும். வார்டோ இருக்கும் பின்மார்க் மாகாணத்தின் தென்கிழக்கே நோர்வே, பின்லாந்து, ரஷ்யா மூன்றும் சந்திக்கும் எல்லைக்கல் ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் அந்தக் கல்லின் ஒரு பக்கம் பன்னிரண்டு மணி என்றால், இன்னொரு பக்கம் ஒரு மணி, மற்றப் பக்கம் இரண்டு மணி.

இப்போது மகள் சொன்னதைப் பாருங்கள். வார்டோவில் நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி மூன்றாம் வாரம் வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. முழு இருட்டு என்று நினைக்க வேண்டாம். டிசம்பர் நடுவில்கூட காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை நீலமும் ஊதாவுமான ஒரு வெளிச்சம் இருக்கும். பனி அதைத் திருப்பி வீசும்போது தெருவில் நடமாடப் போதும். பிறகு இருட்டிவிடும். கடிகாரம் உள்ளூர்ச் சூரியனைப் பார்த்து ஓடியிருந்தால் அந்த வெளிச்சம் பத்திலிருந்து இரண்டு வரை இருந்திருக்கும். பாடசாலை விடும் நேரத்துக்குக் கொஞ்சமாவது நெருங்கியிருக்கும். ஆகவே பகல் ஒரு மணிக்கு இருட்டிவிட்டது என்று மகள் சொல்வதில் மிகை எதுவும் இல்லை. மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை கடைசி வரை சூரியன் மறைவதே இல்லை. கோடை நேரம் நடப்பதால் அப்போது வார்டோவின் கடிகாரம் சூரியனோடு சில நிமிடங்கள் வித்தியாசத்தில் ஒத்துப்போகிறது. வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லாத காலத்தில் நேரமும் சரியாக இருக்கிறது, பஞ்சமான காலத்தில் நேரமும் பிசகுகிறது.

கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் பிணக்கு வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பது கொழும்பில் இருந்த நமக்குத் தெரியாததல்ல. 1996 மே மாதம் வரட்சியால் நீர்மின்சாரம் குறைந்தபோது அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. பிள்ளைகளை இருட்டில் எழுப்பி, இருட்டில் தலை வாரி, இருட்டில் பஸ்ஸுக்கு அனுப்பினோம். அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி நேரத்தைத் திருப்பித் தந்தார்கள். மீதி அரை மணி நேரம் 2006 ஏப்ரல் புத்தாண்டுக் காலத்தில்தான் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே நடந்தது. ஓமந்தையைத் தாண்டிப் போனவர்கள் கைக்கடிகாரத்தைத் திருகி அரை மணி நேரம் பின்னே வைத்தார்கள். கொழும்பும் கிளிநொச்சியும் ஒரே தீவில், ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில். நேரம் மட்டும் இரண்டு. வார்டோவில் பிள்ளையை எழுப்பும் மகளின் காலைப்பொழுதை, இருட்டில் கொழும்புப் பிள்ளைகளை எழுப்பிய தாய்மார் எளிதில் விளங்கிக்கொள்வார்கள்.

வார்டோவில் ஏறத்தாழ 2,000 பேர் இருப்பார்கள். தீவுதான், 1982இல் திறக்கப்பட்ட கடலடிச் சுரங்கப்பாதை அதைப் பெருநிலத்தோடு இணைக்கிறது, நோர்வேயின் முதல் கடலடிச் சுரங்கப்பாதை அதுதான். மரம் அரிது, காற்று அதிகம். வடதுருவ வட்டத்துக்கு இவ்வளவு உள்ளே இருந்தும் வெப்பநீரோட்டத்தால் துறைமுகம் உறைவதில்லை. ஜூலையிலும் சராசரி வெப்பம் 10 பாகை அளவில்தான். ஊரின் உயிர் மீன். குளிர்காலத்தின் பிற்பகுதியிலிருந்து வசந்தம் வரை கரைக்கு வரும் கொட் மீன் கூட்டம்தான் பின்மார்க் கரையோரத்தின் அறுவடைக்காலம். ஆலையில் மேலதிக நேரம் வேலை கிடைப்பதும் அப்போதுதான். இந்தக் கரையோரத்து மீன் ஆலைகளில் 1980களிலிருந்து நம்மவர்கள் வேலை செய்து வந்திருக்கிறார்கள். அதற்கு முன்பே ஒரு தொடர்பு இருந்தது: அந்தோனி ராஜேந்திரம் 1956இல் நோர்வேக்குப் போய், பின்னர் அங்கே திரட்டிய உதவியோடு யாழ்ப்பாணத்து மீனவருக்காகச் சீநோர் நிறுவனத்தை உருவாக்கினார். குருநகர்க்காரரிடம் கேட்டால் இன்னும் சொல்வார்கள். மீன் வாசமும் ரப்பர் சப்பாத்தும் உறைந்த விரல்களும் உங்கள் மருமகனோடு தொடங்கியவை அல்ல.

ஆலை வேலை பொதுவாகக் காலை ஏழு மணியளவில் தொடங்கி மாலை மூன்று, மூன்றரைக்கு விடும். நோர்வேக்காரரின் பெரிய சாப்பாடு நாலு, ஐந்து மணிக்கு. ஞாயிறன்று பெரிய கடைகள் பூட்டு. ஆகவே வாரநாட்களில் மகளோடு நிதானமாகப் பேச ஏற்றது அவர்களுடைய மாலை நாலு மணிக்குப் பிறகு. நமக்கு அது ஜூலையில் இரவு ஏழரை, டிசம்பரில் எட்டரை.

ஒரு கண்டிப்பான வார்த்தை. நம் தோல் நிறத்துக்கு அந்த வெளிச்சம் போதாது. நோர்வேயில் வாழும் இலங்கைத் தமிழரிடம் வைட்டமின் டி குறைவு பரவலாக இருப்பது அங்கேயே ஆராய்ந்து அறியப்பட்ட விஷயம். அந்த நாட்டுக்காரர் தலைமுறை தலைமுறையாகக் கொட் மீன் எண்ணெய் குடிப்பது சும்மா அல்ல. மகளும் பேரப்பிள்ளைகளும் எடுக்கிறார்களா, வைத்தியரிடம் இரத்தம் பரிசோதித்தார்களா என்று அடுத்த முறை தயங்காமல் கேளுங்கள். குளிர்காலத்தில் மகளின் பேச்சு சுருங்கினால் அதைக் கோபமாக எடுக்காதீர்கள். வெளிச்சமில்லாத மாதங்களில் உடலும் மனமும் சோர்வது அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் உள்ளதுதான்.

புரோக்கன் ஹில் வார்டோவைவிடப் பெரியது, 17,000 பேரளவில். வீதிகளுக்கெல்லாம் கனிமங்களின் பெயர்: ஆர்ஜென்ட், ஒக்சைட், குளோரைட், கோபால்ட். ஊரின் நடுவே தோண்டிப் போட்ட கழிவு மண் மலை போல நிற்கிறது; அதன் உச்சியில் சுரங்கத்தில் உயிரிழந்த 800க்கும் மேற்பட்டவர்களின் பெயர் பொறித்த நினைவகம் இருக்கிறது. கோடையில் 40 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. மழை ஆண்டுக்கு 250 மில்லிமீற்றர் அளவில்தான். கொழும்பில் ஒரு நல்ல மழை மாதத்திலேயே அவ்வளவு பெய்துவிடும். குடிநீருக்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2019இலிருந்து 270 கிலோமீற்றர் நீளக் குழாய் வழியாக மரே ஆற்றுத் தண்ணீர் வருகிறது.

இந்த ஊரின் நேரத்தைப் பற்றிப் பேசும்போது 1919ஆம் ஆண்டை விட முடியாது. அந்த ஆண்டு தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பதினெட்டு மாதம் நீடித்தது. பட்டினி கிடந்து அவர்கள் வென்றெடுத்தவற்றில் ஒன்று நிலத்தடியில் வேலை செய்பவருக்கு வாரத்துக்கு 35 மணி நேர வேலை. நூற்றாண்டுக்கு முன்பு அந்தப் பாலைநிலத்தில் அது நடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மதிப்பு பெருகுகிறது.

வைத்தியசாலைக்கு அந்தச் சலுகை இல்லை. ராயல் பிளையிங் டொக்டர் சேவையின் தளம் அங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரத்து ஆட்டுப் பண்ணைகளிலிருந்து நோயாளிகளை விமானத்தில் கொண்டுவருவார்கள். அந்தப் பண்ணைப் பிள்ளைகளுக்காக 1956இல் வானொலிப் பாடசாலை தொடங்கிய ஊரும் அதுதான்; இப்போது இணையத்தில் நடக்கிறது. தூரம் அங்கே பெரிய விஷயமே அல்ல. மகன் தூள், கருவாடு, தேங்காய்ப்பால் வாங்க அடிலெய்டுக்கு ஐந்தாறு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய்வருவதைக் கேட்டுப் பதற வேண்டாம். மகன் பகல் கடமையில் இருந்தால் மாலை ஆறரைக்கு மேல் எடுங்கள். அது நமக்கு ஜூலையில் பிற்பகல் இரண்டரை, டிசம்பரில் ஒன்றரை. இரவுக் கடமை என்றால் காலையில் எடுக்கவே கூடாது. பிற்பகல் நாலு மணியளவில் எழும்பியிருப்பார். நமக்கு அது நண்பகலை ஒட்டிய நேரம். சுருக்கமாக, மகனோடு நம் மதியத்தில், மகளோடு நம் இரவில்.

நல்ல நேரம், கெட்ட நேரம் பார்ப்பவராக இருந்தால் இதையும் கவனியுங்கள். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் கலண்டரின் ராகுகாலம் காலை ஆறு மணிக்கு விடிந்து மாலை ஆறுக்கு மறையும் பகலை எட்டாகப் பிரித்தது. டிசம்பரில் புரோக்கன் ஹில்லில் சூரியன் காலை ஆறு மணியளவில் உதித்து இரவு எட்டைத் தாண்டித்தான் மறையும். அங்கே ஒரு பங்கு ஒன்றே முக்கால் மணி நேரம். வார்டோவில் அந்த மாதம் பங்கு போடப் பகலே இல்லை. ஆகவே மகன் வீடு குடிபுக நேரம் பார்ப்பதானால் அந்த ஊர் உதயத்தை வைத்துக் கணித்துத் தரும்படி ஐயரிடம் கேளுங்கள்.

தைப்பொங்கல்தான் இதில் மனதைத் தொடும் இடம். புரோக்கன் ஹில்லில் பொங்கலன்று சூரியன் காலை ஆறேகால் அளவில் எழும்பும். நமக்கு அப்போது நள்ளிரவு ஒன்றேகால். பத்து மணிக்கெல்லாம் முற்றத்தில் நிற்க முடியாத வெயில், அடுப்பைச் சீக்கிரம் அணைத்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும். வார்டோவில் அன்று சூரியனே வராது. அவர்களுக்கு ஏறத்தாழ இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. மகள் சமையலறை மின்னடுப்பில் பானை வைத்து, கண்ணாடி யன்னலுக்கு வெளியே இருட்டைப் பார்த்துத்தான் பொங்க வேண்டும். ஆனால் அந்த ஊருக்கென்று ஒரு சூரியப் பொங்கல் இருக்கிறது. ஜனவரி 20ஐ ஒட்டி, அங்குள்ள வார்டோஹுஸ் கோட்டையிலிருந்து பார்த்தால் சூரியனின் முழு வட்டமும் தெரியும் முதல் நாளில் பீரங்கி முழங்கும்; பாடசாலைப் பிள்ளைகளுக்கு அன்று விடுமுறை. நம் மூதாதையர் பானை வைத்துச் சொன்ன நன்றியை அவர்கள் வெடி போட்டுச் சொல்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். மகள் தைப்பொங்கலை இங்கே பொங்கும் நாளிலேயே பொங்கட்டும். பேரப்பிள்ளைகளுக்குப் பீரங்கி முழங்கும் நாளிலும் ஒரு சிறு பானை வைக்கச் சொல்லுங்கள். தாத்தா பாட்டியின் பண்டிகை எதற்காக என்று விளக்க அதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது.

இருவரில் யாருக்குக் கஷ்டம் அதிகம் என்றும் கேட்டிருந்தீர்கள். என் கணிப்பில் டிசம்பரும் ஜனவரியும் மகளுக்கு, ஜனவரியும் பெப்ரவரியும் மகனுக்கு. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை இரண்டு ஊர்க் கடிகாரங்களும் தத்தம் சூரியனோடு பொருந்தி ஓடுகின்றன. பயணம் போவதானால் அந்தக் காலத்தில் போங்கள்.

மூவரும் ஒன்றாகப் பேச ஞாயிற்றுக்கிழமைதான் நாள். ஜூன், ஜூலையில் கொழும்பில் பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்தால் வார்டோவில் காலை பதினொன்றரை, புரோக்கன் ஹில்லில் மாலை ஏழு. டிசம்பரில் இரண்டரைக்கு எடுத்தால் மகளுக்குக் காலை பத்து. அந்த நீல வெளிச்சம் இருக்கும் வேளை, யன்னல் திரையை விலக்கச் சொல்லிப் பார்க்கலாம். மகனுக்கு மாலை ஏழரை, வெயில் இன்னும் இறங்கியிருக்காது. இதற்குத்தான் கொழும்பு நடுவில் இருப்பது வசதி என்றேன். அவர்கள் இருவரும் தங்களுக்குள் நேரம் ஒழுங்கு செய்வதானால் குளிர்காலத்தில் ஒன்பதரை மணி நேர வித்தியாசத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். நீங்கள் எடுத்தால் யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை.

சமையலறைக் கலண்டரில் நான்கு ஞாயிறுகளை வட்டமிட்டு வையுங்கள்: மார்ச் கடைசி, ஏப்ரல் முதல், ஒக்டோபர் முதல், ஒக்டோபர் கடைசி. மகன் ஊரில் மாற்றம் நடப்பது நமக்கு முந்தின சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு. மகள் ஊரில் நடப்பது நமக்கு அந்த ஞாயிறு காலை ஆறரைக்கு. கடிகாரத்தை மாற்றும் வழக்கத்தையே நிறுத்த வேண்டும் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019இல் வாக்களித்தது; அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தி, நோர்வேயும் அதோடு சேர்ந்துகொண்டால், மகள் பக்கக் கணக்கை மட்டும் ஒரு முறை திருத்தினால் போதும். மகன் பக்கம் இப்போது உள்ளபடியே இருக்கும்.